எழுதியதைக் காட்ட ஒரு கூட்டாளி

சங்கராபுரம் வட்டாரத்துக் காலனிகளிலிருந்தும் கல்வராயன்மலைச் சிற்றூர்களிலிருந்தும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பேருந்து வசதி, விடுதி இடம், உதவித்தொகை என்று அவர்களுடைய சிக்கல்களை நாம் அடிக்கடி பேசுகிறோம். எழுதுவதில் அவர்கள் படும் பாட்டை மட்டும் பேசுவதில்லை.

பள்ளியில் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தால் பெரும்பாலும் ஒப்பேற்றிவிடலாம். கல்லூரியில் அசைன்மென்ட், செமினார், புராஜெக்ட் என்று சொந்தமாக எழுத வேண்டும். பலர் அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எழுதியதை யாரிடம் காட்டுவது? பெற்றோர் கரும்பு வெட்டப் போயிருப்பார்கள். ஆசிரியரிடம் போனால், "இதுகூடத் தெரியாதா? கோட்டாவில் வந்தவர்தானே" என்று நினைத்துவிடுவாரோ என்ற அச்சம். அதனால் அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள், அல்லது எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். அகமதிப்பெண் குறைகிறது, அரியர் சேர்கிறது, சிலருக்குப் படிப்பே நின்றுபோகிறது.

இதே சிக்கலை அமெரிக்காவின் நியூயார்க் நகரமும் சந்தித்தது. அங்கே 1969இல் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் போராடினார்கள். அதன் விளைவாக 1970இல் நகரப் பல்கலைக்கழகத்தின் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. முதல் தலைமுறையினர் பெருமளவில் உள்ளே வந்தார்கள். ஆனால் ஆசிரியர்கள் நடத்திய உதவி வகுப்புகளைப் பலர் தவிர்த்தார்கள். புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர் கென்னத் புரூஃபி, எழுத்துப் பயிற்சிக்கு மாணவர்களுக்கு மாணவர்களையே துணையாக அமர்த்தினார். ஆசிரியரிடம் வாங்கத் தயங்கிய உதவியைக் கூடப்படிப்பவரிடம் தயங்காமல் வாங்கினார்கள். சொல்லிக்கொடுத்தவர்களின் எழுத்தும் கூடவே வளர்ந்தது.

இந்த முறைக்கு நம் மண்ணிலேயே பழைய வேர் உண்டு. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் 'சட்டாம்பிள்ளை'யாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளின் அனாதை இல்லப் பள்ளிப் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரு பெல். நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துவராதபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கற்பிக்க வைத்தார். 1797இல் லண்டனில் இதை நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் நம் பாட்டன்மார் பெரும்பாலும் அந்தத் திண்ணைகளில் ஏற முடியவில்லை. ஊரார் நமக்கு மறுத்த முறையை இன்று நாமே நமக்காக எடுத்துக்கொள்ளலாம்.

செலவு எதுவும் இல்லை. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியின் வராந்தா, ஊர்ப்புற நூலகம், காலனிச் சமுதாயக் கூடம் ஆகியவற்றில் ஏதேனும் ஓர் இடம் போதும். வாரம் ஒருமுறை இரண்டிரண்டு பேராக ஒரு மணிநேரம் உட்கார வேண்டும். எழுதியவரே தம் கட்டுரையை வாய்விட்டுப் படிக்கட்டும். தடுக்கும் இடங்கள் பாதி அவருக்கே தெரிந்துவிடும். கேட்பவர் முதலில் எழுத்துப்பிழையைத் தொட வேண்டாம். "இதில் என்ன சொல்ல வந்தாய்?" என்று கேட்கட்டும். வாயால் சொன்னது தாளில் இருக்கிறதா என்று இருவரும் பார்க்கட்டும். பிறகு வரிசை, அதன்பின் வாக்கியம், கடைசியில் பிழை. ஆங்கிலக் கட்டுரையானால் முதலில் தமிழில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மலைப்பேச்சோ காலனிப்பேச்சோ, அதைக் கேட்டு யாரும் சிரிக்கக் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். பேனா எழுதியவர் கையிலேயே இருக்க வேண்டும். எழுதிக்கொடுப்பது உதவியல்ல, தேர்வறையில் அவர் தனியாகத்தான் உட்காரப்போகிறார். அடுத்து, சொல்லிக்கொடுப்பவர் பிரம்பெடுத்த பழைய சட்டாம்பிள்ளை ஆகிவிடக் கூடாது. இந்த வாரம் சொல்லிக்கொடுத்தவர் அடுத்த வாரம் தம் கட்டுரையை நீட்ட வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் இடத்தில் இது இன்னும் முக்கியம். நம் பிள்ளை எப்போதும் கேட்டுக்கொள்பவராகவே இருந்தால் பழைய மேல் கீழ் புதிய வடிவில் திரும்பிவிடும்.

இதனால் கிடைப்பது மதிப்பெண் மட்டுமல்ல. உதவித்தொகை வராதபோது ஆட்சியருக்கு மனு எழுதவும், பாதை மறுக்கப்பட்டால் காவல் நிலையத்தில் புகாரைத் தெளிவாக எழுதிக்கொடுக்கவும் இதே பயிற்சிதான் கைகொடுக்கும். மனு எழுத இன்னொருவர் வாசலில் காத்து நின்ற தலைமுறையின் பிள்ளைகள் நாம்.

அண்ணல் அம்பேத்கரின் முழக்கம் நம் ஊர்ச் சுவர்களில் தமிழில் இருக்கிறது. அதன் முதல் சொல் 'கற்பி'. முதலாண்டு படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அதை மூன்றாமாண்டு அண்ணன் அக்காக்கள் இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.