தாகம் தீராத பழைய கார்கள்

கிளாசிக் காரின் ரேடியேட்டரைப் பழுது பார்ப்பதா, தூக்கிப் போடுவதா? கேரள எல்லையில் இதற்குப் பதில் சொல்வது தண்ணீர்தான்.

கோடையில் கொழிஞ்சாம்பாறையைக் கடக்கும் பழைய அம்பாசடருக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று வெயில். இன்னொன்று, தவிக்கும் வண்டிக்கு இரக்கப்பட்டு ரேடியேட்டரில் ஊற்றப்படும் போர்வெல் தண்ணீர். முதல் எதிரியைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறார்கள். நின்று கொல்வதோ இரண்டாவது.

வெயிலைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காடு மாவட்டத்துக்கு இந்திய வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தது. வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில், பாலக்காடு - பொள்ளாச்சி சாலையில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் ஊர். சமவெளியில் எப்படியோ சமாளிக்கும் வண்டிகளுக்கு மலை ஏறும்போதுதான் சோதனை. பொள்ளாச்சியைத் தாண்டினால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இன்னும் தெற்கே, இடுக்கி எல்லையில் போடிமெட்டு ஏற்றத்தில் 17. இரண்டாம் கியரில் ஊரும்போது எஞ்சின் வேகமாகச் சுழல்கிறது. ரேடியேட்டருக்கு வரும் காற்றோ குறைந்துவிடுகிறது. போதாததற்கு, உயரம் 300 மீட்டர் கூடும்போதெல்லாம் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்குகிறது.

ஆனாலும் இந்தக் கார்கள் மலை ஏறப் பிறந்தவைதான். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி 1950-களின் இறுதியில் வந்த அம்பாசடர், 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நிற்கும்வரை ஓடியது. மும்பையின் பிரீமியர் பத்மினியும் சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இதே மலைச் சாலைகளைப் பார்த்தவை. ஆகவே, "பழைய வண்டி என்றால் சூடாகத்தான் செய்யும்" என்பது சமாதானமே தவிர காரணமல்ல. புதிதாக இருந்தபோது சூடாகாத வண்டி இன்று சூடாகிறது என்றால், நடுவில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

உப்பின் கைவரிசை

அடைப்பது பெரும்பாலும் உப்பு. பாலக்காட்டின் மேற்குப் பகுதியில் கொட்டும் மழை கிழக்கே வருவதற்குள் இளைத்துவிடுகிறது. நிலத்தடி நீரை வரம்பு மீறி உறிஞ்சும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பட்டியலில் சித்தூர் வட்டாரம் பல ஆண்டுகள் இடம்பெற்றது. பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தின் பிளாச்சிமடாவில் 2000-ல் தொடங்கிய கோக்கோ கோலா ஆலை 2004-ல் மூடப்பட்டதற்குக் காரணமான போராட்டமும் தண்ணீர்ப் போராட்டம்தான். கிணற்று நீர் கடினமாகிவிட்டது, சமைக்க ஆகவில்லை என்பது அப்போது எழுந்த புகார்களில் ஒன்று.

சோறு வேகாத தண்ணீர் எஞ்சினுக்கும் ஆகாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் ரேடியேட்டரின் குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்ப் பாதையிலும் படிகிறது. குழாய்களின் உட்புறம் சில மில்லிமீட்டர் அகலம்தான். இதில் ஒரு விஷச் சுழலும் இருக்கிறது. கசியும் ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்குகிறது. மறுநாள் ஊற்றும் தண்ணீர் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்க்கிறது. ஒரு சிறிய ஒழுக்கை அலட்சியம் செய்வதன் விலை, கோடைக்குக் கோடை தடிக்கும் சுண்ணாம்புச் சுவர்.

ஆரம்பக் காலக் கார்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு வடிவில் இருந்தது. 1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற காரில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போனபடியே இருக்கும். வழியெங்கும் ஊற்றியாக வேண்டும். 1901-ன் மெர்சிடிஸ் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர்தான் நிலைமையை மாற்றியது. 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள் 8,070-ஐ ஒன்றாகப் பற்றவைத்து அவர் செய்த அமைப்பு, தேவைப்பட்ட தண்ணீரைப் பாதியாகக் குறைத்தது. வடிவம் பிறகு மாறினாலும் தத்துவம் மாறவில்லை: நீரைச் சிறு சிறு வழிகளில் பிரித்துக் காற்றுக்குக் காட்டு.

முதலில் நோய், பிறகு மருந்து

வண்டி சூடானதும் ரேடியேட்டர்மீது பழி போடுவது வழக்கம். குற்றவாளி வேறு யாராகவும் இருக்கலாம். அம்பாசடரில் காற்றாடியைச் சுற்றுவது ஃபேன் பெல்ட். அது தளர்ந்தால் காற்றும் குறையும், வாட்டர் பம்ப்பும் சோரும். உள்ளே நைந்துபோன ரப்பர் ஹோஸ் பம்ப்பின் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். இக்னிஷன் டைமிங் பிந்தினாலும் சூடு ஏறும். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை இயக்கும்போது நிற்காமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனைக்கு மூடியைத் திறப்பது வண்டி ஆறியிருக்கும்போது மட்டுமே. சூட்டில் திறந்தால் முகத்தில் பாய்வது கொதிநீர்.

மூடியே ஒரு கருவி என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. உள்ளே அழுத்தம் ஒரு பவுண்டு கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயர்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடியை மாற்றினாலே சில வண்டிகள் அடங்கிவிடும். அதற்காகப் புதிய கார்களின் அதிக அழுத்த மூடியைப் பழைய ரேடியேட்டரில் மாட்டினால் பற்றுகள் பிளக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொரு நாட்டு வைத்தியம். சுமார் 80 டிகிரியில் திறக்க வேண்டிய அந்தக் கதவு இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரம் பிடிக்கிறது. தேய்மானமும் பெட்ரோல் செலவும் கூடுகின்றன. ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடுவது வீடுவரை வந்து சேர உதவலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் தூள் நல்ல குழாயை விட்டுவைக்குமா?

இத்தனையும் சரி, அப்படியும் சூடாகிறது என்றால்தான் ரேடியேட்டரைக் கழற்ற வேண்டும். கழற்றுமுன் ஒரு சுலபமான சோதனை உண்டு. வண்டியை ஓட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தி, கோரின் முகப்பில் கையைச் சற்று அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சில இடங்களில் மட்டும் சூடே தெரியவில்லை என்றால் அங்கே நீரோட்டம் இல்லை.

ஈயம் செய்யும் வேலை

பழைய ரேடியேட்டரின் பெரும் பலம், அதைப் பிரித்துச் சேர்க்க முடியும் என்பது. பித்தளைக் குழாய்கள், செம்புத் தகடுகள், மேலும் கீழும் பித்தளைத் தொட்டிகள். எல்லாவற்றையும் பிடித்திருப்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்று. இந்த எல்லைப் பகுதிப் பட்டறையில் மொழிபெயர்ப்பு தேவைப்படாத சொற்கள் இவை. செம்பும் ஈயமும் இரு மொழிக்கும் பொது. பித்தளை மட்டும் மலையாளத்தில் கொஞ்சம் ஒலி மாறும்.

வேலை இப்படி நடக்கிறது. காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர்த் தொட்டியில் ரேடியேட்டரை ஊறவைத்து எண்ணெய்ப் பிசுக்கையும் தளர்ந்த அழுக்கையும் எடுக்கிறார்கள். தீயைக் காட்டி ஈயத்தை இளக்கி மேல் தொட்டியைக் கழற்றுகிறார்கள். பிறகு ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய எஃகுப் பட்டையை விட்டுப் படிவைத் தள்ளுகிறார்கள். அவசரப்பட்டால் பட்டை குழாயைக் கிழித்துவிடும். மீண்டும் தொட்டியைப் பற்றவைத்து, வாய்களை அடைத்து, தண்ணீருக்குள் அமிழ்த்திக் காற்றுச் செலுத்துகிறார்கள். குமிழி வரும் இடம் மீண்டும் தீக்குப் போகிறது.

ஓரிரு குழாய்கள் தேறாவிட்டால் அவற்றை அடைத்துவிட்டு ஓட்டலாம். பல குழாய்கள் போய்விட்டால், அல்லது தொட்டால் தகடுகள் உதிர்ந்தால், கோரை மாற்ற வேண்டியதுதான். அப்போதும் பழைய தொட்டிகளையும் பக்கத் தாங்கிகளையும் வைத்துக்கொண்டு நடுப்பகுதியை மட்டும் புதிதாக்குவதே கிளாசிக் கார்க்காரர்களுக்கு உகந்தது. முகப்பு மாறாது, அளவும் மாறாது.

முழு அலுமினிய ரேடியேட்டர் மூன்றாவது வழி. அது எடை குறைவு. நன்றாகச் செய்யப்பட்டது நன்றாகவே குளிர்விக்கும். தினமும் ஓடும் வண்டிக்கு அதில் தவறில்லை. ஆனால் பிளாஸ்டிக் தொட்டி பொருத்திய வகையில் வெடிப்பு வந்தால் ஈயத்தால் மீட்க முடியாது. அடைப்புக்குக் காஸ்டிக் சோடாவும் ஆகாது. அலுமினியத்தை அது அரித்துவிடும். தவிர, கழற்றிய பழைய ரேடியேட்டர் பழைய இரும்புக் கடைக்குப் போனால் செம்பு விலைக்கு எடை போடப்பட்டு உருகிவிடும். அதே அளவில் இன்னொன்று கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது.

அசல் தன்மைக்கு இப்போது சட்ட மதிப்பும் வந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவம் மாறாத வாகனங்களை 'வின்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 1975-ல் வெளிவந்த அம்பாசடர் 2025-ல் அந்த வயதை எட்டியது.

கைகளுக்கும் பாதுகாப்பு

பற்றவைக்கும் தொழிலுக்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. காரீயம் நஞ்சு. புகையும் தூசியும் உடலில் சேர்ந்தால் நரம்பையும் ரத்தத்தையும் பாதிக்கும். குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். காற்றோட்டமான இடம், முகக் கவசம், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், வேலை உடையோடு வீட்டுக்குப் போகாமை - இவை ஆடம்பரங்கள் அல்ல. ஊறவைத்த தொட்டியின் கழிவை வாய்க்காலில் விட்டால், ஏற்கெனவே நொந்த நிலத்தடி நீருக்கு இன்னொரு அடி. வேலை கொடுப்பவர் பேரம் பேசும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். குறைந்த கூலிக்கு முதலில் பலியாவது இந்தப் பாதுகாப்புதான்.

பழுது பார்த்த ரேடியேட்டர் நிலைப்பதும் மறுபடி அடைப்பதும் முதல் நாள் ஊற்றும் தண்ணீரைப் பொறுத்தது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரும், ஈயப் பற்றுள்ள செம்பு ரேடியேட்டருக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட கூலன்ட்டும் போதும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும் விஷம் என்பதால் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். மலை ஏறுமுன் வண்டியில் ஒரு கேன் நல்ல தண்ணீர் இருந்தால், வழியில் தெரியும் முதல் குழாயடியில் நிற்க வேண்டியிருக்காது. அம்பாசடரின் வயிறு நிரம்பப் பத்து லிட்டர்கூட வேண்டாம். அந்தப் பத்து லிட்டரில் மிச்சம் பிடிப்பவர்தான், வளைந்துபோன சிலிண்டர் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறுகிறார்.