ஸ்பானியம் பயிலப் போகும் மாணவன்

புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயா கடலை நெருங்கும் பகுதியில், வில்பத்துக் காட்டின் விளிம்பில் அமைந்திருக்கும் ஊர் எலுவன்குளம். அவ்வூர் மாணவன் ஒருவன் ஸ்பானிய மொழி கற்பதற்கென்று ஸ்பெயின் தேசம் போகப் புறப்பட்டால், ஊரார் வியப்படைவது இயல்பே. ஆங்கிலம் கற்கப் போகிறான் என்றால் காரணம் கேட்பார் இல்லை. நம் பாடசாலைகளில் அநேகமாகக் கற்பிக்கப்படாத ஸ்பானியத்தால் ஆகும் பயன் யாது என்று கேட்பார் பலர். ஸ்பெயினும், அமெரிக்கக் கண்டத்தின் 18 நாடுகளும், ஆபிரிக்காவில் ஒரு நாடுமாக 20 நாடுகள் அம்மொழியை அரச மொழியாகக் கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ 50 கோடி மக்களுக்கு அது தாய்மொழி. பயனைப் பற்றி இதற்கு மேற் சொல்ல வேண்டுவதில்லை. அங்கே போய்ச் சேரும் மாணவனின் நாட்கள் எவ்வாறு கழியும், நம் கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு எது எளிது, எது கடினம் என்பதே அறிய வேண்டுவது.

முதலில் எளிதைக் கூறுவோம். புத்தளக் கரைக்கும் ஸ்பானிய தேசத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று உண்டானதன்று. மொறோக்கோ நாட்டுத் தஞ்சியர் நகரிற் பிறந்த இபுனு பதூதா 1344ஆம் ஆண்டில் புத்தளத்தில் வந்து இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கினார். அரசருக்குப் பாரசீகம் தெரிந்திருந்தது. ஆதலின் இருவரும் அம்மொழியில் உரையாடினர் என்று அவருடைய பயண நூல் கூறுகிறது. இருவருக்கும் தாய்மொழி அல்லாத ஒரு மொழியே அன்று பாலமாயிற்று. அதே பயணி சில ஆண்டுகளின் பின், 1350ஆம் ஆண்டளவில், ஸ்பெயினின் கிரனாடா நகரையும் கண்டார். புத்தளத்தையும் கிரனாடாவையும் ஒருங்கே கண்டு எழுதியவர் அவரன்றி வேறு யாவர் உளர்?

அவருக்குப் பின் வந்தவர் போர்த்துக்கீசர். போர்த்துக்கீசமும் ஸ்பானியமும் இலத்தீன் என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலின் முடியும் ஸ்பானிய மன்னரின் தலையிலேயே இருந்தது. அவர்கள் போய்விட்டனர்; அவர்களுடைய சொற்கள் நம் வீடுகளிற் குடியிருக்கின்றன. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழியினரான காப்பிரி மக்களின் பாடல்களில் போர்த்துக்கீசக் கலப்புமொழி இன்னும் ஒலிப்பதை இவ்வட்டாரத்தார் அறிவர். நாம் மேசை என்கிறோம், ஸ்பானியர் 'மேசா' என்பர். நமது பாண் அவர்களுக்கும் 'பான்'. சப்பாத்து 'தபாத்தோ' ஆகும். அதன் முதலெழுத்தை நாவைப் பல்லிடையே நீட்டி மெல்ல ஒலித்தல் வேண்டும். குசினி 'கொதினா', துவாய் 'தொவாயா'. தமிழ்நாட்டு மாணவன் நாற்காலியும் ரொட்டியும் சமையலறையும் சொல்லி வளர்ந்தவன். நம் மாணவனோ பாதி வீட்டுச் சாமான்களின் பெயரைத் தன்னுடனேயே கொண்டு போகிறான்.

ஆயினும் உறவுச் சொல் என்று நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நடத்தல் கூடாது. கதிரை என்பது போர்த்துக்கீசச் சொல்லின் வழியது. அதே ஒலியை நம்பி ஸ்பானியரிடம் 'கதேரா' வேண்டும் என்று கேட்பவன், இடுப்பொன்று வேண்டும் என்று கேட்டவன் ஆவான். இருக்கைக்கு அவர்கள் சொல் 'சீயா'. எழுதுவதற்குப் பேனா கேட்டால் அதைவிட விபரீதம். ஸ்பானியத்தில் 'பேனா' என்பது துயரம். வண்ணாத்திவில்லுப் பக்கத்தில் விளையும் கஜுவும் கைகொடாது. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசர் கொணர்ந்த மரத்தின் பெயர் நமக்கு அவர்கள் வாயால் வந்தது. ஸ்பெயின்காரர் அக்கொட்டையை 'அனகார்தோ' என்று வேறு பெயரால் வழங்குகின்றனர்.

முஸ்லிம் மாணவனுக்கு மற்றுமொரு வாயில் திறக்கும். ஸ்பெயினின் பெரும் பகுதியை முஸ்லிம்கள் பல நூற்றாண்டு ஆண்டனர். அவர்களுடைய கடைசி அரசான கிரனாடா 1492இல் வீழ்ந்தது. இன்றும் ஸ்பானியர் எண்ணெய்க்கு 'அதெய்த்தே' என்றும், சீனிக்கு 'அதூகார்' என்றும் சொல்வது அரபுச் சொற்களின் வழியாகவே. நல்லது நடக்கட்டும் என்று விரும்பும்போது ஒவ்வொரு ஸ்பானியனும் 'ஓஹலா' என்பான். அல்லாஹ் நாடினால் என்ற பொருளுடைய அரபுத் தொடரே இவ்வாறு தேய்ந்தது. சொல்லுகிறவருள் பலர் அதனை அறியார்.

இனி, மாணவன் சென்று தங்கும் நகரைப் பார்ப்போம். மொழி கற்பதற்கு அயல்நாட்டார் நாடும் நகரங்களுள் சலமாங்கா புகழ் பெற்றது. அங்குள்ள பல்கலைக்கழகம் 1218ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கே பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் விளங்கிய நெப்ரிகா என்பவர் 1492இல் வெளியிட்டதே ஸ்பானிய மொழியின் முதல் அச்சிட்ட இலக்கண நூல். அயல்நாட்டு மாணவருக்கென வகுப்புக்கள் 1929 முதல் நடைபெற்று வருகின்றன. கட்டடங்கள் பொன்னிறக் கல்லால் ஆனவை. பல்கலைக்கழக முகப்பின் சிற்பங்களுக்கிடையே மண்டையோடு ஒன்றின்மேல் ஒரு தவளை அமர்ந்திருக்கிறது. அதைப் பிறர் துணையின்றிக் கண்டுபிடிப்பவன் பரீட்சையில் தேறுவான் என்பது மாணவர் நம்பிக்கை. ஆதலின் முதல் நாள் அம்முகப்பின் எதிரே அண்ணாந்து நிற்காத மாணவன் இல்லை.

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 800 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர் அது. மாரியில் உறைபனி படியும். வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டி எழுந்து ஆறு மணியை ஒட்டி மறையும் சூரியனைக் கண்டவனுக்கு அங்குள்ள சூரியன் ஒரு புதிர். சனவரி மாதத்தில் காலை எட்டரை மணி கழிந்தே அது எழும். சூன் மாதத்தில் இரவு பத்து மணியாகும் வேளையிலேதான் மறையும். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இருந்தும், 1940இல் ஸ்பெயின் தன் கடிகாரத்தை நடு ஐரோப்பாவின் நேரத்தோடு இணைத்துக்கொண்டதே இதற்கு ஒரு காரணம். கோடையில் நோன்பு வருமாயின், பதினாறு மணி நேரத்துக்கு மேல் வயிறு காய வேண்டியிருக்கும்.

உணவு வேளைகளும் கடிகாரத்தைப் பின்பற்றிப் பிந்துகின்றன. காலையில் கோப்பியும் வாட்டிய பாணும் மட்டுமே. வகுப்பு ஒன்பது மணியளவிலே தொடங்கும்; பதினொரு மணிக்கு ஒரு சிறு இடைவேளை. பகலுணவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில். அப்பொழுது சிறு கடைகள் பல அடைபட்டு, மாலை ஐந்து மணியளவில் மீண்டும் திறக்கும். இராச் சாப்பாடு ஒன்பது அல்லது பத்து மணிக்கு. மாணவருட் பலர் அவ்வூர்க் குடும்பங்களோடு தங்குவர். வீட்டுக்கார அம்மையாரின் உணவு மேசையே அவர்களுக்கு இரண்டாவது வகுப்பறை. தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக ஒலிவ எண்ணெய். உறைப்பு என்பது பெயரளவில் உண்டு. மிளகாயை அமெரிக்காவிலிருந்து முதலிற் கொணர்ந்தவர் ஸ்பானியரே; நம் சமையல் அதனை விடாது பற்றிக்கொண்டது, அவர்கள் அதன் காரத்தை விட்டு நிறத்தை வைத்துக்கொண்டனர். பன்றித் தொடை இறைச்சி அவர்களுக்கு மிக உவப்பானது. அவரைக்குழம்பிலுங்கூட அதன் துண்டுகள் கிடக்கும். ஆதலின் முஸ்லிம் மாணவன் முதல் நாளே தயங்காது சொல்லிவிடுதல் நலம். வீட்டினுள் வெறுங்காலோடு நடத்தலையும் அவர்கள் விரும்புவதில்லை. வாசலிலே செருப்பைக் கழற்றுவதே மரியாதை என்று வளர்ந்தவனுக்கு இது சற்றுச் சங்கடமே.

இவற்றையெல்லாம் ஒரு மாதத்திற் பழகிக்கொள்ளலாம். இலக்கணம் அவ்வாறன்று, எனினும் தமிழன் அஞ்ச வேண்டியதுமில்லை. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' பேசுகிறாய், 'ஆப்லா' பேசுகிறான் அல்லது பேசுகிறாள். நான், நீ என்று எழுவாயை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை, நம் வினைமுற்றைப் போன்றே. எனக்குக் கோப்பி பிடிக்கும் என்பதை அவர்களும் 'எனக்கு' என்றே தொடங்குவர். சின்ன ரகரமும் வல்லின றகரமும் அங்கும் வேறு வேறு. 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெறோ' என்றால் நாய். ஞகரத்துக்குத் தனி எழுத்தே வைத்திருக்கின்றனர். ஆங்கிலத்தில் ஒன்றாக உள்ள 'இரு' என்னும் வினை அங்கே 'செர்', 'எஸ்தார்' என இரண்டாகும். அவர் ஆசிரியர் என்னும்போது தமிழில் வினை இல்லை. அங்கே 'செர்' வரும். அவர் வீட்டில் இருக்கிறார் என்னும்போது தமிழில் இரு, அங்கே 'எஸ்தார்'. எல்லா இடத்தும் இக்கணக்கு ஒத்து வராது; ஆயினும் ஆங்கிலத்தின் வழியே போகாமல் தமிழின் வழியே போகிறவனுக்குப் பாதி வழி குறையும்.

தொல்லை தருவது பாற்பாகுபாடு. மேசை பெண்பால், சப்பாத்து ஆண்பால் என்றால், அஃறிணைக்கு ஆணும் பெண்ணும் ஏது என்று வளர்ந்தவன் மலைப்பான். கை என்னும் சொல் ஆண்பால் ஈறு கொண்டும் பெண்பாலாகவே வழங்கும். அதனை மனப்பாடம் செய்வதன்றி வழி இல்லை.

இவை அனைத்தினும் பெரிய இடையூறு கூச்சம். ஆசிரியரை எழுந்து நின்று வணங்கிய பிள்ளை, அங்கே ஆசிரியரையே 'தூ' என்று, அதாவது நீ என்று, அழைக்க வேண்டும். 'உஸ்தெத்' என்னும் மரியாதைச் சொல் இருந்தும், வகுப்பிலே பெரும்பாலும் அதனை வழங்குவதில்லை. நாக்கு எழாது. பிழை வந்தால் நகைப்பரோ என்ற அச்சம் வேறு. விளைவு, மாணவன் எழுத்திலே முதல்வனாகவும் பேச்சிலே ஊமையாகவும் இருப்பான். கடையில் ஆங்கிலத்திற் பேசுவான். மாலையில் தன் நாட்டாரோடு அறையில் அடைந்து கிடப்பான். செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் பரீட்சையில் இது தப்பாது வெளிப்படும். அதன் நடுத்தரப் படிகளில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் மற்றொன்று. தொகுதி ஒவ்வொன்றுக்கும் 50 புள்ளி. ஒவ்வொன்றிலும் 30 பெற்றாக வேண்டும். எழுத்தில் வாங்கிய மிகுதியைக் கொண்டு பேச்சின் குறையை அடைக்க இயலாது. கடன்பட்டு அனுப்பிய வீட்டாரின் பணம் இவ்வாறு ஒரு மௌனத்தினால் வீணாவதுண்டு.

இக்கூச்சத்துக்கு மருந்து கண்டவர் ஒருவர் மன்னார்க் குடாவின் எதிர்க்கரையிலேயே வாழ்ந்தார். 1546இல் இந்தியா வந்த அன்றீக்கு அன்றீக்கசு என்னும் போர்த்துக்கீசப் பாதிரியார், முத்துக்குளித்துறையில் மொழிபெயர்ப்பாளரை நம்பி அல்லற்பட்டுப் பின் தமிழைத் தாமே கற்கத் தொடங்கினார். தமிழ் வினைகளை இலத்தீன் முறையில் வகுத்து எழுதிக்கொண்டார். 1549ஆம் ஆண்டளவில் ஓர் இலக்கணமே உருவாயிற்று. அதனினும் முக்கியமானது, அவரும் உடனிருந்த பாதிரிமாரும் தங்களுக்குள்ளேயும் தமிழிலேயே பேசுவது என்றும், தவறினவருக்குச் சிறு தண்டனை என்றும் வகுத்துக்கொண்டதே. தமிழில் அச்சான தொடக்கக்கால நூல்களுள் ஒன்றாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் அவர் உழைப்பால் வெளிவந்தது. பிழையோடு பேசத் துணிந்திராவிடில் அந்நூலுக்கு இடமேது? சலமாங்காவில் ஒரே அறையில் தங்கும் இரு தமிழ் மாணவர், பகற்பொழுதேனும் ஸ்பானியத்திற் பேசுவது என்று இதே விதியை வகுத்துக்கொள்ளலாம். தமிழ் மறந்து போகுமே என்று அஞ்ச வேண்டாம்.

வீட்டுக்குப் பேசுவதற்கும் நேரம் தெரிந்திருத்தல் வேண்டும். இலங்கை நேரம் ஸ்பெயினுக்குக் கோடையில் மூன்றரை மணி, மாரியில் நாலரை மணி முந்தியது. இராச் சாப்பாடு முடித்து மாணவன் தொலைபேசியை எடுத்தால் எலுவன்குளத்தில் நடுச்சாமம் கடந்திருக்கும். பகலுணவுக்குப் பின் கடைகள் அடைபட்டிருக்கும் அந்த மூன்று மணியே தகுந்த வேளை. அப்பொழுது இங்கே விளக்கு வைக்கும் நேரம். சில மாதம் சென்றபின் அவன் பேச்சில் 'சரி' என்பதற்குப் பதிலாக ஸ்பானியரின் 'பாலே' தானாக வந்து விழும். குடிக்கப் பால் கிடைப்பதில்லையோ என்று இங்கே தாய் கவலைப்படுவாள்.