லீவு நாளிலும் போரடிக்குதா? ஒரு பூந்தொட்டி போதும்!

ஜொகூரின் கெலாங் பாத்தாவிலிருந்து இரண்டாம் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருவோர் பலர். விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் வாழ்க்கை. லீவு நாள் வந்தால்? படுத்துக்கொண்டே கைப்பேசி. சாயங்காலம் பார்த்தால் ஓய்வெடுத்த மாதிரியும் இல்லை, ஏதும் செய்த மாதிரியும் இல்லை.

ஏன் அப்படி?

சும்மா இருப்பதும் சலிப்பும் ஒன்றா?

இல்லை. சும்மா இருப்பது உடலும் மனமும் கேட்கும் ஓய்வு. சலிப்பு அப்படியல்ல. ஏதாவது செய்ய மனம் துடிக்கும், ஆனால் எதிலும் ஒட்டாது.

அந்த நிலையை நம்மால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? 2014இல் அமெரிக்காவின் வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். வெறும் அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வேண்டும். விரும்பினால் பொத்தானை அழுத்தி, லேசான மின் அதிர்ச்சி வாங்கிக்கொள்ளலாம். ஆண்களில் மூன்றில் இரு பங்கினரும் பெண்களில் கால்வாசிப் பேரும் அழுத்திவிட்டார்கள்!

இன்று அந்தப் பொத்தானின் இடத்தில் கைப்பேசி.

கைவேலை எப்படி உதவும்?

தோட்டவேலையும் கைவினையும் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. கைக்கு வேலை, மனத்துக்கு ஓய்வு. செய்ததைக் கண்ணால் பார்க்கவும் முடியும்.

2011இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், மன அழுத்தம் தரும் வேலைக்குப் பிறகு சிலர் 30 நிமிடம் தோட்டவேலை செய்தனர், சிலர் புத்தகம் படித்தனர். அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசோல் சுரப்பு இரு தரப்பிலும் குறைந்தது. தோட்டவேலை செய்தவர்களிடம் கூடுதலாகக் குறைந்தது.

எப்படித் தொடங்கலாம்?

• வீட்டு வாசலில் வெயில் படும் இடத்தில் ஒரே ஒரு தொட்டி. கீரை விதை சில நாளில் முளைக்கும், மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். வெண்டைக்கு ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும்.

• தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டிங்கிக் கொசு முட்டையிலிருந்து முழுதாக வளர ஒரு வாரம் போதும்.

• மழை நாளா? குரோஷே பின்னலாம், பூ கட்டலாம். தென்னங்குருத்தில் தோரணம் பின்னத் தெரிந்த தாத்தா பாட்டி இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

இதுவும் இன்னொரு வேலையாகிவிடாதா?

ஆகலாம். படம் எடுத்துப் போட, லைக் எண்ண, விற்றுக் காசு பார்க்க என்று கிளம்பினால் ஓய்வு போச்சு! கோணலாக வந்தால் வரட்டும். முளைக்காவிட்டால் மறுபடி போடலாம். இங்கே மேலதிகாரி யாரும் இல்லை.

முழு நாளையும் நிரப்பத் தேவையில்லை. அரை மணி நேரம் மண்ணைக் கிளறுங்கள். பிறகு கை கழுவிவிட்டு, டீயோடு வாசலில் சும்மா உட்காருங்கள். கைப்பேசி உள்ளேயே இருக்கட்டும்.