பிறர் துயரம் நமக்குப் பொழுதுபோக்கா?

1978 முதல் 1991 வரை அமெரிக்காவில் 17 பேரைக் கொன்றவன் ஜெஃப்ரி டாமர். அவன் வரலாற்றை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2022 செப்டம்பரில் தொடராக வெளியிட்டது. 60 நாட்களுக்குள் உலகெங்கும் 100 கோடி மணி நேரம் அது பார்க்கப்பட்டது.

நடிப்பை வியந்தோர் பலர். அண்டை வீட்டு மாதின் எச்சரிக்கையைக் காவலர் புறக்கணித்ததைக் காட்டியமைக்காகப் பாராட்டினோரும் உண்டு. கொலைஞன்பால் இரக்கம் கொண்டோரும் இருந்தனர்!

மாண்டவர் குடும்பத்தாரோ மனம் புண்பட்டனர். தம்பியைப் பறிகொடுத்த தமக்கை ஒருவர் 1992இல் நீதிமன்றத்தில் கதறிய காட்சி, அத்தொடரில் அப்படியே நடித்துக் காட்டப்பட்டது. தம்மை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை என்று அவர் வருந்தினார்.

அன்பர்களே! கொன்றவன் பெயரை உலகறியும். மாண்ட பதினேழு பேருள் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா?