பிள்ளைகளோடு ஏலகிரிக்கு

தாம்பரம், பல்லாவரம் நெரிசலிலேயே விடுமுறையைக் கழிக்கும் பிள்ளைகளை ஒருமுறை ஏலகிரிக்கு அழைத்துச் செல்லுங்கள். வாணியம்பாடியில் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் அஸருக்குள் மலைமேல் இருக்கலாம். ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள், கடையெழு வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்; பாரி, பேகன் எனப் பிள்ளைகளே உரக்கப் படித்துக்கொண்டு வருவார்கள்.

உயரம் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்குச் சற்று மேல்தான். உதகைக் குளிரை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. கோடைப் பகலில் இங்கும் வெயில் உண்டு. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே இதமானவை. ஜலகம்பாறை அருவியையும் மழைக்குப் பின்னர்தான் காண வேண்டும். முதியோர்க்கும் சிறுவர்க்கும் புங்கனூர் ஏரிப் படகு போதும்.

வாலிபர்களோ மங்களம் கிராமத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு நடக்க விரும்புவர். தடுக்க வேண்டாம், ஆயின் குரங்கணியை நினைவிற்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்து அம்மலையில் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் மலையேறச் சென்றோரில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் இளவயதினர். சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் தீ மேட்டை நோக்கியே விரையும். மனிதன் ஓடி முந்துவது அரிது. மாசி, பங்குனியில் வனத்துறை மலைப்பாதைகளை மூடுவது இதனாலேயே. அம்மாதங்களில் ஆசைகாட்டி அழைப்போர் எவராயினும் மறுத்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுப்பாதைக்கு அனுப்பாதீர்கள். காலையிலேயே ஏறி, வெயில் முற்றுமுன் இறங்கட்டும். தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லட்டும்; தீப்பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.