பலாலியிலிருந்து சென்னைக்கு

யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 350 கிலோமீற்றர் மாத்திரமே. 1947 டிசம்பர் 10 இல் எயர் சிலோன் தனது முதற் சேவையை இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கே நடத்தியது.

போர் அவ்வழியை அடைத்தது. நாடு திரும்ப இயலாத நாம் பெற்றோரைச் சென்னையிலேயே சந்தித்தோம். அம்முதியவர்களோ தரைவழியே 400 கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து விமானத்தில் 650 கிலோமீற்றர் வடக்கே வரவேண்டியிருந்தது. அச்சுற்றுவழியின் களைப்பை அவர்தம் முகங்களிற் கண்டோம்.

2019 நவம்பரில் தொடங்கிய நேரடிச் சேவை, 2020 மார்ச்சில் தடைப்பட்டு, 2022 டிசம்பர் 12 இல் மீண்டது. பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரமே. நம் பெற்றோரிற் பலர் இதைக் காணவில்லை. எஞ்சியிருப்போரையேனும் இவ்வழியில் அழைப்போம்.