மேகத்தின் வாசலில் ஒரு கேமரா

மேகத்தின் அடிமட்டம் வரை பறந்துபோய்ப் படம் எடுக்கிறார்கள் பாராகிளைடர் பைலட்டுகள். அழகும் ஆபத்தும் அங்கே ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

காலை பதினோரு மணி. அக்டோபர் மாத வெயில். ஹிமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பில்லிங் என்ற புல்சரிவில் வண்ண வண்ணத் துணிச் சிறகுகள் விரிகின்றன. கீழே, சுமார் 1,400 மீட்டரில், பீர் கிராமம். தேயிலைத் தோட்டங்கள், திபெத்திய மடாலயங்கள், படிப்படியாக இறங்கும் வயல்கள். முதுகுக்குப் பின்னால் தவ்லாதார் மலைத்தொடரின் முகடுகள். கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இவை எதையும் கவனிப்பதாகத் தெரியவில்லை. எல்லோருடைய கண்ணும் மேலே இருக்கிறது. மலைத்தோளுக்கு மேல், அரை மணி நேரத்துக்கு முன்பு வெறும் நீலமாக இருந்த இடத்தில், பஞ்சு உருண்டை போல ஒரு மேகம் பிறந்துகொண்டிருக்கிறது.

இன்று அவர்கள் போய்ச்சேர வேண்டிய இடம் அதுதான். அதன் உள்ளே அல்ல, அதன் வாசல் வரை.

எஞ்சின் இல்லாத துணிச் சிறகில் தொங்கியபடி பறக்கும் பாராகிளைடிங் இந்தியாவில் வேரூன்றிய முக்கியமான இடம் பீர்-பில்லிங். 2015இல் இங்கே உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. 2024 நவம்பரில் மீண்டும் நடந்தது. போட்டிக்காரர்களுக்குத் தூரமும் நேரமும் முக்கியம். ஆனால் ஒவ்வொரு சீசனிலும் இன்னொரு கூட்டமும் மலையேறுகிறது. இவர்கள் உயரே போவது படம் எடுக்க. கீழே தெரியும் ஊரைவிட மேலே தெரியும் வானத்தைப் படம் எடுக்கத்தான் ஆசை அதிகம்.

காற்றே லிஃப்ட்

எஞ்சின் இல்லாமல் மேகம் வரை எப்படிப் போகிறார்கள்? வெயிலில் சூடாகும் பாறைச்சரிவு தன்மேல் இருக்கும் காற்றையும் சூடாக்குகிறது. சூடான காற்று குமிழியாகவோ தூணாகவோ மேலே கிளம்புகிறது. பைலட்டுகள் இதைத் 'தெர்மல்' என்கிறார்கள். அதற்குள் புகுந்து வட்டமடித்தால், விநாடிக்கு இரண்டு, மூன்று மீட்டர் வேகத்தில் காற்றே தூக்கிச் செல்லும். ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்பதைத் தோள்பட்டையில் மாட்டிய வேரியோமீட்டர் 'பீப்' ஒலியால் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கருவிக்கு முன்பே வழிகாட்ட வந்தவை இமாலயக் கழுகுகள். கழுகு வட்டமிடும் இடத்துக்குப் பைலட் விரைகிறார். பைலட் வட்டமிடும் இடத்துக்குச் சில சமயம் கழுகும் வந்து சேர்கிறது.

மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி. ஓர் உயரத்தில், அதிலுள்ள நீராவி இனி ஆவியாகவே இருக்க முடியாமல் துளிகளாகிறது. மேகம் அங்கே தொடங்குகிறது. ஒரு பகுதியில் கிளம்பும் காற்றெல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பமும் ஒரே ஈரமும் கொண்டிருப்பதால், எல்லா மேகங்களும் ஒரே உயரத்தில்தான் தொடங்குகின்றன. நல்ல நாளில் வானம் முழுக்க மேகங்களின் அடிப்பகுதி, கண்ணாடி மேஜைமேல் பஞ்சை வைத்ததுபோல, மட்டமாகத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

அந்த உயரத்தைத் தரையிலிருந்தே கணக்குப் போட்டுவிடலாம். காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையை, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைக் கழியுங்கள். கிடைப்பதை 125ஆல் பெருக்குங்கள். பீரில் வெப்பம் 24 டிகிரி, பனிநிலை 8 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 16. மேகம் சுமார் 2,000 மீட்டர் மேலே, அதாவது கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டரில் இருக்கும். அங்கே வெப்பம் 4 டிகிரிதான். கீழே அரைக்கை சட்டையோடு தேநீர் குடிக்கிற நேரத்தில், மேலே கையுறைக்குள் விரல் விறைக்கும்.

வெள்ளையை வெள்ளையாகப் பிடிக்க

தரையிலிருந்து பார்க்கும்போது மேகம் ஒரு பொருள். பக்கத்தில் போனால் அது ஓர் இடம். அடிமட்டத்துக்கு நூறு, இருநூறு மீட்டர் கீழே மட்டம் என்று நினைத்தது மட்டமாக இல்லை. நடுவில் கூரை போல உள்வாங்கி, கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கிறது. ஓரங்களில் கிழிந்த துணி போல மேகத் துணுக்குகள் தொங்குகின்றன. நிழல் கனத்து, குளிர் அறைகிறது. மேகத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்தால் ஒரே கணத்தில் கண் கூசும் வெயில். பக்கத்தில் வெள்ளைச் சுவர் ஒன்று நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது.

இதைப் படத்தில் கொண்டுவருவது எளிதல்ல. கேமராவின் ஒளிமானிக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம். வெள்ளை மேகத்தைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிக் கொடுக்கும். எனவே ஒளியளவைக் கொஞ்சம் கூட்டவேண்டும். அதிகம் கூட்டினால் மேகத்தின் மடிப்புகள் எல்லாம் அழிந்து வெறும் சுண்ணாம்புச் சுவராகிவிடும். நீலத்தைக் கருமையாக்க போலரைசர் ஃபில்டர் உதவும். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானத்தில்தான் அதன் வேலை அதிகம் தெரியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். மாற்று பேட்டரிக்கு உடம்போடு ஒட்டிய உள்பைதான் சரியான இடம். இறங்கியவுடன் ஈரமான வெதுவெதுப்பில் குளிர்ந்த லென்ஸ் வியர்க்கும் என்பதால், கேமராவைப் பைக்குள் மூடியே இறக்கவேண்டும்.

இதற்கெல்லாம் முந்திய பிரச்சினை கைகள். பாராகிளைடரின் இரண்டு பிரேக் கயிறுகளும் பைலட்டின் இரண்டு கைகளில். மேகத்தை ஒட்டிய காற்று குலுக்கி எடுக்கிற காற்று. சிறகின் ஒரு பக்கம் திடீரென மடங்கினால் சமாளிக்க அந்தக் கைகள்தான் உண்டு. கேமராவைத் தூக்குகிற ஒவ்வொரு முறையும் ஒரு கை குறைகிறது. இருவர் பறக்கும் டேண்டமில் முன்னால் உட்காரும் பயணிக்கு இந்தக் கவலை இல்லை. இரண்டு கையும் அவருக்குச் சொந்தம். அப்போதும் கேமராவுக்குக் குட்டையான ஒரு கயிறு கட்டாயம். கைதவறினால் அது யார் தலையில் விழும் என்று சொல்லமுடியாது.

உறிஞ்சும் மேகம்

மேகத்தின் அடியில் லிஃப்ட் நின்றுவிடுவதில்லை. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. நீராவி துளியாகும்போது, தன்னுள் ஒளித்துவைத்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. ஒரு கிராமுக்குச் சுமார் 600 கலோரி. ஆறு கிராம் ஐஸ் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் இது. அதனால் மேகத்துக்குள் காற்று இன்னும் சூடாகி, இன்னும் வேகமாக ஏறுகிறது. கீழே இருப்பதையும் இழுக்கிறது. பெரிய மேகத்தின் அடியில் வட்டமடிப்பதை நிறுத்திவிட்டு நேராகப் பறந்தாலும் பைலட் ஏறிக்கொண்டே இருப்பார். மேகம் உறிஞ்சுகிறது என்பார்கள்.

உறிஞ்சப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே அறிந்த சாட்சி ஈவா விஸ்னியர்ஸ்கா. ஜெர்மானிய அணியைச் சேர்ந்த பாராகிளைடர் வீராங்கனை. 2007 பிப்ரவரி 14 அன்று, ஆஸ்திரேலியாவின் மனில்லா என்ற ஊரில், உலகப் போட்டிக்கான பயிற்சியில் இருந்தபோது இடிமேகம் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் தூக்கிச் செல்லப்பட்ட உயரம் 9,946 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல். ஆக்ஸிஜன் இல்லை. மைனஸ் 40 டிகிரிக்கும் கீழான குளிர். ஆலங்கட்டி மழை. நாற்பது நிமிடத்துக்கும் மேல் நினைவில்லாமல் கிடந்தார். சிறகு தானாகப் பறந்துகொண்டிருந்தது. கண் விழித்து, புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஹே ஷோங்பின் உயிர் பிழைக்கவில்லை.

சாதாரண மேகமும் சாதாரணம் இல்லை. உள்ளே போன அடுத்த நொடி எல்லாம் வெள்ளை. மேல் எது, கீழ் எது என்று தெரியாது. நேராகப் போகிறோம் என்று உள்காது சொல்லும். உண்மையில் சிறகு திரும்பிக்கொண்டிருக்கும். 1954இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 20 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளைப் பார்த்து மட்டுமே விமானம் ஓட்டும் பயிற்சி அவர்களுக்கு இல்லை. வெளியே எதுவும் தெரியாத சூழ்நிலையில் பறக்கவைத்தார்கள். 20 பேருமே விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

போதாததற்கு நெரிசல். எல்லோரையும் ஒரே தெர்மல் ஒரே கூரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2024 அக்டோபர் இறுதியில் பீர்-பில்லிங் வானில் இரண்டு பாராகிளைடர்கள் மோதிக்கொண்டதில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பைலட் ஒருவர் இறந்தார். வெட்டவெளியிலேயே இந்தக் கதி என்றால், முன்னால் வருபவர் தெரியாத வெள்ளைக்குள் என்ன நடக்கும் என்று யோசிக்கத் தேவையில்லை.

எடுக்காத படம்

எனவேதான் விதிகள். கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானங்கள் பொதுவாக மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் உயரவாக்கில் 300 மீட்டரும் தள்ளியிருக்கவேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். பாராகிளைடர் போட்டிகளில் மேகத்துக்குள் நுழைந்தவருக்குத் தண்டனை உண்டு. மழைக்காலத்தில், ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, ஹிமாசலில் பறப்பதற்கே தடை.

தப்பிக்கும் வித்தைகளும் இருக்கின்றன. சிறகின் இரு நுனிகளையும் மடக்கி இறங்கும் 'பெரிய காது'. காலால் மிதிக்கும் வேகக் கம்பி. கடைசியாக, பம்பரம் போலச் சுழன்று இறங்கும் ஸ்பைரல். ஆனால் 'பெரிய காது' கொடுக்கும் இறக்கம் விநாடிக்கு மூன்று மீட்டர் அளவில்தான். மேகம் ஐந்து மீட்டர் வேகத்தில் இழுத்தால், காதை மடக்கிக்கொண்டே மேலே போகவேண்டியதுதான். ஸ்பைரல் வேகமாக இறக்கும், பழக்கமில்லாதவருக்கு மயக்கத்தையும் தரும். அதனால் அனுபவசாலிகள் வித்தையை நம்புவதில்லை. உயரம் கூடக்கூட மேகத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே இருப்பார்கள். உறிஞ்சல் தொடங்கினால் ஓரத்திலிருந்து நீலத்துக்குள் நழுவிவிடலாம்.

படம் எடுப்பவருக்கு இதுதான் கசப்பான மருந்து. இன்னும் ஐம்பது மீட்டர் போனால் இன்னும் நல்ல படம் கிடைக்கும் என்று கண் சொல்லும். வியூஃபைண்டருக்குள் பார்ப்பவருக்கு வேரியோமீட்டரின் பீப் வேகமாவது காதில் விழாது. தரையில் நின்று மேலே இருந்திருக்கலாமே என்று ஏங்குவது, மேலே தொங்கிக்கொண்டு தரையில் இருந்திருக்கலாமே என்று ஏங்குவதைவிட மேல் என்று விமானிகள் மத்தியில் ஒரு பழமொழி உண்டு.

உண்மையில், ஓரத்துக்கு நகர்பவருக்கு நஷ்டமில்லை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, வெள்ளைச் சுவர் எதிரே இருக்க, அதன்மேல் தன் சிறகின் நிழல் விழுவதை அவர் பார்க்கலாம். நிழலைச் சுற்றி வானவில் நிறங்களில் ஒரு வளையம். எத்தனை பேர் பக்கத்தில் பறந்தாலும், ஒவ்வொருவருக்கும் வளையம் தன் தலை நிழலைச் சுற்றியேதான் தெரியும். மேகத் துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வரும் காட்சி இது. 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைமேல் சி.டி.ஆர். வில்சன் என்ற இளைஞர் இதைப் பார்த்து வியந்தார். ஆய்வுக்கூடத்தில் மேகம் செய்து பார்க்க முனைந்தார். அந்த முயற்சிதான் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையாக வளர்ந்து, 1927இல் அவருக்கு நோபல் பரிசைத் தேடித் தந்தது.

மேகப் படங்களுக்கு மதிப்பு அழகோடு முடிவதில்லை. 1802இல் லூக் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் மேகங்களுக்குப் பெயர் வைத்தார். உலக வானிலையாளர்கள் படங்களோடு முதல் சர்வதேச மேகத் தொகுப்பை வெளியிட்டது 1896இல். 2017இல் வந்த அதன் புதிய பதிப்பில், கடல் அலைபோல் குழம்பி நிற்கும் அடிமட்டத்துக்கு 'ஆஸ்பெரிடாஸ்' என்ற புதுப் பெயர் இடம்பெற்றது. அதற்குத் தூண்டுகோல், மேக ரசிகர்களான சாதாரண மக்கள் எடுத்து அனுப்பிய படங்கள். இந்தியாவிலும் மேகங்களை அருகில் போய்ப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம் 2009 முதல் கருவிகள் பொருத்திய விமானங்களைப் பருவமழை மேகங்களுக்குள் அனுப்பி, தூசிக்கும் துளிக்கும் மழைக்கும் உள்ள உறவை அளந்திருக்கிறது. அந்த விமானத்துக்கு எஞ்சினும் கருவிகளும் உண்டு. துணிச் சிறகுக்கு இருப்பது பைலட்டின் நிதானம் மட்டும்.

மாலை நான்கு மணிக்கு மேல் பீரின் இறங்குதளத்தில் சிறகுகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. மேலே வெயில் தணிந்து, மேகங்கள் கரையத் தொடங்கிவிட்டன. தேநீர்க் கடை பெஞ்சில் கேமராக்கள் கைமாறுகின்றன. மேகத்தின் கருஞ்சாம்பல் கூரை, வெள்ளைச் சுவர், வளையத்துக்குள் ஒரு குட்டி நிழல். அதற்குப் பிறகு வெறும் நீலம். அங்கே எடுக்காமல் விட்ட படம்தான் அவர்களை இந்த பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறது.